பெட்டியைப் பிரித்த மகனிடம் கத்திவிட்டேன், எல்லாவற்றையும் விற்றுவிடட்டுமா?

வாசகரின் கடிதம் நீளமானது, அதனால் சாரத்தை மட்டும் தருகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன்.

அவருக்கு வயது நாற்பதை நெருங்குகிறது. மனைவி, ஆறு வயதில் ஒரு மகன். அறிவியல் புனைகதைப் படங்கள், காமிக்ஸ் பாத்திரங்கள் இவற்றின் ஆக்‌ஷன் ஃபிகர்களை, அதாவது கைகால் மடங்கும் சின்னப் பொம்மைகளை, கல்லூரி நாளிலிருந்தே சேர்த்துவருகிறார். இன்றைக்கு முந்நூறுக்கு மேல் இருக்கிறது, பாதிக்கு மேல் சீல் பிரிக்காதவை. போன மாதம் அவருடைய மகன் அந்த அறைக்குள் போய், 1996-இல் வந்த ஸ்டார் வார்ஸ் லூக் ஸ்கைவாக்கர் ஃபிகர் ஒன்றை அட்டையிலிருந்து பிய்த்து எடுத்துவிட்டான். இவர் போய்ப் பார்க்கும்போது பிளாஸ்டிக் மூடி இரண்டாகக் கிழிந்து கிடக்கிறது, அட்டையின் மூலை மடங்கியிருக்கிறது, லூக் சோபா கைப்பிடியில் ஓடிக்கொண்டிருக்கிறார். இவர் கத்திய கத்தலில் பையன் நடுங்கிப்போனான், அன்றிலிருந்து அந்த அறைப்பக்கமே வருவதில்லை. அன்று இரவு நடந்த சண்டையில் மனைவி கடன் அட்டைக் கணக்கைத் திறந்து பார்க்க, அவருக்குத் தெரியாத நான்கு பிரீ-ஆர்டர்கள் (இன்னும் வராத பொருளுக்கு முன்பணம் கட்டிப் போடும் ஆர்டர்கள்) வெளியே வந்தன. "இது முதலீடு, பையன் படிப்புக்குத்தான் சேர்க்கிறேன்" என்று இவர். "இது ஒரு நோய், இதற்குப் பெயரே இருக்கிறது, நான் படித்திருக்கிறேன்" என்று மனைவி. கடைசியில் வாசகர் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார்: எனக்கு நிஜமாகவே நோயா? குடும்பம் முக்கியம் என்று எல்லாவற்றையும் விற்றுவிடட்டுமா? என் மனைவிக்கு இதை எப்படிப் புரியவைப்பது? பின்குறிப்பில் நாலாவதாக ஒரு சின்னக் கேள்வியும் இருக்கிறது, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் ஃபிகர்களைப் பற்றி மூன்று பக்கம் இருக்கிறது, அந்த நான்கு பிரீ-ஆர்டர்களைப் பற்றி ஒரே ஒரு வரி. நான் இந்த விகிதத்தைத் திருப்பிப் போட்டுப் பேசப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். முதலில் உங்களை அதிகம் பயமுறுத்தியிருக்கும் கேள்வியை முடித்துவிடலாம்.

நோயா?

உங்கள் மனைவி படித்தது பொய்யில்லை. பொருட்களைக் கைவிட முடியாமல் குவித்துக்கொண்டே போவதை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட, மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேடு ஒரு தனிக் கோளாறாகவே சேர்த்தது. ஆனால் அதன் இலக்கணம் வேறு. மதிப்பு இருக்கிறதா இல்லையா என்பதே அங்கே கணக்கில்லை, பழைய செய்தித்தாளும் உடைந்த வாளியும் எல்லாம் ஒன்றுதான், எதைத் தூக்கிப் போடச் சொன்னாலும் தாங்க முடியாத வேதனை வரும், குவியல் ஏறி ஏறி சமையலறையில் சமைக்க முடியாது, கட்டிலில் படுக்க முடியாது. சேகரிப்பாளர் அப்படி இல்லை. எந்த வரிசையில் எது இருக்கிறது, எது இல்லை, எந்த ஃபிகரின் துப்பாக்கி தொலைந்திருக்கிறது என்பது வரை விரல்நுனியில் வைத்திருப்பார், அடுக்கிவைப்பார், நாலு பேருக்குக் காட்டுவார், ஒன்றை விற்று இன்னொன்றை வாங்குவார். நீங்கள் ஒவ்வொரு ஃபிகரையும் ஆண்டுவாரியாக எக்செல்லில் ஏற்றியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். குவிப்புக் கோளாறு உள்ளவர்களிடம் பொதுவாகப் பார்க்கக் கிடைக்காத ஒழுங்கு அது. ஒரு கடிதத்தை வைத்து நோய் உண்டென்றோ இல்லையென்றோ யாரும் முத்திரை குத்த முடியாது, ஆனால் நீங்கள் சொல்வதில் அந்தக் கோளாறின் சாயல் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒரு வரி கொஞ்சம் உறுத்தியது. ஃபிகர் வந்த வெளிப்பெட்டி, அந்தப் பழுப்பு நிற அட்டைப்பெட்டி, அதையும் மடிக்காமல் அப்படியே மனைவியின் துணி அலமாரியின் கீழ்த்தட்டில் அடுக்கியிருக்கிறீர்கள். பின்னால் விற்கும்போது வெளிப்பெட்டியோடு இருந்தால் மதிப்பு என்று சேகரிப்பாளர்கள் சொல்வது எனக்கும் தெரியும். சரி, ஆனால் அது அவருடைய அலமாரி. உங்கள் பொழுதுபோக்கு உங்களுக்கான இடத்தைத் தாண்டிவிட்டது என்று அவர் உங்களுக்கு இதற்கு முன்பே இரண்டு முறை சொல்லியிருக்கிறார், அதையும் நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். நோய் என்ற சொல் மூன்றாவது முறைதான் வந்திருக்கிறது. முதல் இரண்டு முறை பேச்சு எடுபட்டிருந்தால் அவர் இணையத்தில் போய் நோயின் பெயரைத் தேடியிருக்கவே மாட்டார்.

உங்களைப் பொறுத்தவரை நான் கவனிக்கச் சொல்வது வாங்கும் வேகத்தைத்தான். வாங்கிய பொட்டலத்தை நாள்கணக்கில் பிரிக்காமலே வைத்திருக்கிறீர்களா, ஆர்டர் போடும் அந்த நிமிடத்துச் சந்தோஷம் கைக்கு வந்ததும் காணாமல் போய்விடுகிறதா, அலுவலகத்தில் மோசமான நாளென்றால் அன்று இரவு ஆர்டர் போகிறதா? யோசித்துப் பாருங்கள், எனக்குப் பதில் எழுத வேண்டாம்.

"முதலீடு" என்ற பேச்சு

இதில் உங்களோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. பையன் பிய்த்தது "25 வருஷத்துக்கு மேலான பழைய சரக்கு, சீல் பிரிக்காதது, போச்சு" என்று எழுதியிருக்கிறீர்கள். அது எந்த வரிசை என்று பாருங்கள்.

ஸ்டார் வார்ஸ் 1977 மே மாதம் வெளிவந்தபோது அதன் பொம்மைகளைச் செய்த கென்னர் நிறுவனத்திடம் எதுவும் தயாராக இல்லை. அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு அவர்களால் விற்க முடிந்ததெல்லாம் ஓர் அட்டை உறையும் அதற்குள் ஒரு சான்றிதழும்தான், அதை அனுப்பிவைத்தால் அடுத்த ஆண்டு லூக், லேயா, சூபாக்கா, ஆர்2-டி2 நான்கும் தபாலில் வரும். குழந்தைகள் அப்படிக் காத்திருந்து வாங்கிய பொம்மைகளை வைத்து விளையாடித் தீர்த்தார்கள். மண்ணில் புதைத்தார்கள், வாளைத் தொலைத்தார்கள், பட்டாசு வைத்துப் பார்த்தார்கள், அட்டையைப் பிரித்த அன்றே குப்பையில் போட்டார்கள். 1978 முதல் 1985 வரை வந்த அந்த வரிசையில் அட்டையோடு தப்பிப் பிழைத்தது குறைவு, அதனால்தான் இன்றைக்கு அந்த விலை. யாரும் பத்திரப்படுத்தாததால் வந்த மதிப்பு அது.

பத்தாண்டு கழித்து 1995-இல் அதே பாத்திரங்கள் மீண்டும் வந்தன. லூக்கின் நெஞ்சும் தோளும் உடற்பயிற்சிக்கூட விளம்பரம் மாதிரிப் புடைத்திருக்குமே, அந்த வரிசை. இந்த முறை வாங்கியவர்களில் பெரும்பகுதி பழைய கதை தெரிந்த பெரியவர்கள். எல்லோரும் ஒரே கணக்குப் போட்டார்கள், ஒன்றுக்கு மூன்றாக வாங்கினார்கள், ஒருவரும் பிரிக்கவில்லை. பிரிக்காத சரக்கு மலைபோல் இருக்கும்போது பிரிக்காததற்கு என்ன மதிப்பு? இன்றும் அந்த வரிசையில் பெரும்பாலானவை எளிதாக, மலிவாகக் கிடைக்கின்றன. 1999-இல் அடுத்த படம் வந்தபோது நடுராத்திரி வரிசையில் நின்று வாங்கியவர்களுக்கும் அதே கதி. காமிக்ஸ் பக்கம் வந்தால், 1992-இல் சூப்பர்மேன் இறக்கும் இதழைக் கறுப்பு உறையோடு பல லட்சம் பேர் வாங்கிப் பிரிக்காமல் வைத்தார்கள், அந்த உறையும் இன்னும் அப்படியே இருக்கிறது, விலையும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. உங்கள் மகன் கிழித்தது 1996-ஐச் சேர்ந்தது. பண நஷ்டம் என்று பார்த்தால் நீங்கள் கத்திய அளவுக்கு அதில் ஒன்றுமே இல்லை, இதை உங்கள் எக்செல்லே உங்களுக்குச் சொல்லும்.

இப்போது புதிதாக வரும் ஃபிகர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அதே பாத்திரம் இரண்டு ஆண்டில் இன்னும் நல்ல முகச்சாயலோடு, இன்னும் நன்றாக மடங்கும் மூட்டுகளோடு மறுபடி வந்துவிடுகிறது, பழையது இறங்கிவிடுகிறது. பிளாஸ்டிக்கும் நாம் நினைக்கும் அளவுக்குச் சாகாவரம் பெற்றதில்லை. பிவிசி என்ற பிளாஸ்டிக்கில் கலந்த மென்மையாக்கி மெல்ல மேலே கசிந்து பிசுபிசுக்கும், ஏபிஎஸ் என்ற இன்னொரு வகை பிளாஸ்டிக் வெள்ளையாக இருந்தால் வெயில் பட்டு மஞ்சளாகும், பெரிய ஃபிகர்களின் செயற்கைத்தோல் மேலாடை பெட்டிக்குள் இருந்தபடியே செதில் செதிலாக உரியும். சீல் பிரிக்காததால் உள்ளே நடப்பது நமக்குத் தெரியாமல் போகிறதே தவிர, நடக்காமல் நிற்பதில்லை.

அப்புறம், உங்கள் சேகரிப்பின் மதிப்பு என்று நீங்கள் எழுதியிருக்கும் தொகை. அது விற்பவர்கள் கேட்கும் விலையைக் கூட்டி வந்ததா, உண்மையில் விற்றுமுடிந்த விலையைக் கூட்டி வந்ததா? முதலாவது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நம் கையில் இருக்கும் பொருளுக்கு நாமே அதிக விலை போட்டுக்கொள்வது உங்களுக்கு மட்டும் உள்ள பலவீனம் அல்ல. டேனியல் கானமன், ஜாக் நெட்ஷ், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களில் பாதிப்பேருக்கு ஒரு சாதாரணக் காப்பிக் கோப்பையைக் கொடுத்தார்கள், கொஞ்ச நேரத்திலேயே அதை விற்கச் சொன்னபோது, வாங்க வந்தவர்கள் தரத் தயாராக இருந்ததைவிட இரு மடங்குக்கும் மேல் கேட்டார்கள். சில நிமிடம் கையில் இருந்த கோப்பைக்கே இந்தப் பாடு.

ஆகவே பையன் படிப்புக்கு வேறு வழியில் சேருங்கள். ஃபிகர்களைப் பிடித்திருப்பதால் வாங்குகிறேன் என்று சொல்லுங்கள், அது முழுக்க மரியாதையான காரணம். பிடித்ததற்காகச் செலவு செய்கிறேன் என்று சொன்னால்தான் எவ்வளவு செலவு என்ற கேள்வியே எழும், முதலீடு என்று சொல்லும்வரை அந்தக் கேள்விக்கு இடமே இல்லாமல் போகிறது. உங்கள் வீட்டில் நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

மனைவிக்கு என்ன புரியவில்லை?

அவருக்குப் புரிந்திருக்கிறது. பத்து வருடமாக முந்நூறு ஃபிகர்களோடு ஒரே வீட்டில் இருந்தவர், அந்த நான்கைப் பார்த்த பிறகுதான் "இதுவா நாங்களா" என்றார். பிரீ-ஆர்டர் எப்படி வேலை செய்கிறது என்பது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், உங்களுக்கு நன்றாகத் தெரியும். இன்றைக்குச் சின்ன முன்பணம், பொருள் ஆறு மாதத்தில் வரும் என்பார்கள், ஒன்றரை வருடம் ஆகும், வரும்போது மீதித் தொகையைக் கேட்பார்கள், அது வேறு இரண்டு பிரீ-ஆர்டர்கள் வரும் அதே மாதமாக அமைந்துவிடும். முன்பணம் சின்னதாக இருப்பதால் போடும்போது செலவாகவே தோன்றாது. ஆனால் நான்கின் மீதியையும் கூட்டினால் அது வீட்டுக்குத் தெரியாத ஒரு கடன். ஏமாற்றப்பட்டதாக அவர் நினைப்பது இந்த இடத்தில்தான். இங்கே போய் பொம்மைகளின் கலைமதிப்பை விளக்க ஆரம்பித்தீர்களானால் சண்டை முற்றும்.

"நான் சம்பாதிக்கிற பணம்" என்ற வாதத்தை தயவுசெய்து கைவிட்டுவிடுங்கள். தம்பதியின் சொத்து, கடன் பற்றிய சட்டம் ஊருக்கு ஊர் மாறும், அதற்குள் நான் போகவில்லை. ஆனால் உங்கள் கடன் அட்டையில் ஏறும் பாக்கிக்காக வீட்டில் எந்தச் செலவு தள்ளிப்போகும் என்று யோசித்தால், அதைச் சுமக்கப்போவது நீங்கள் மட்டும் அல்ல என்பது தெரியும்.

என்ன செய்யலாம்? அவர் கண்டுபிடித்த நான்கு தவிர வேறு ஏதாவது இருந்தால் அதையும் நீங்களே சொல்லிவிடுங்கள், இரண்டாவது முறை அவரே கண்டுபிடித்தால் நான் எழுதும் எதுவும் உதவாது. நான்கின் முன்பணம், மீதி, வரவேண்டிய மாதம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி அவர் முன் வையுங்கள். ரத்து செய்ய முடிந்ததை ரத்து செய்யுங்கள். முன்பணம் திரும்பி வராது என்பதற்காக மீதியையும் கட்டுவது நியாயமே இல்லை, போனது போகட்டும். பிறகு மாதம் இவ்வளவு என்று கணக்குக் கேட்காத ஒரு தொகையை இருவரும் எடுத்துக்கொள்ளுங்கள், இருவருக்கும் சமமாக, அவர் அதை என்ன செய்கிறார் என்று நீங்களும் கேட்கக்கூடாது. பிரீ-ஆர்டரின் முழுத் தொகையும் போட்ட அன்றே அந்தக் கணக்கில் கழிய வேண்டும், வரும் அன்று அல்ல. அலமாரியைப் பொறுத்தவரை பேச்சுவார்த்தையே வேண்டாம், இந்த ஞாயிற்றுக்கிழமை காலி செய்துவிடுங்கள்.

மகன் விஷயம்

உங்கள் கடிதத்திலேயே எனக்கு அதிகக் கவலை தந்த பகுதி இது, தீர்ப்பதற்கு மிகச் சுலபமானதும் இதுதான். பையனிடம் மன்னிப்புக் கேட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. "அப்பா உன்கிட்ட அப்படிக் கத்தியிருக்கக்கூடாது. நீ பயந்துட்டே. தப்பு என்மேல" அவ்வளவுதான். "ஆனா நீயும்..." என்று ஆரம்பித்தால் அந்த ஆனாவுக்கு முன்னால் சொன்னது எல்லாம் காற்றில் போய்விடும். ஆறு வயதுக் குழந்தைக்கு சீல், கிரேடிங் என்ற தர மதிப்பீடு, அட்டையின் மூலை எல்லாம் விளங்காது. அவன் பார்த்தது பொம்மை. அந்த அட்டையைத் தேடி எடுத்துப் பாருங்கள், 4 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்றுதான் அச்சிட்டிருக்கும். நிறுவனம் சொன்னபடிதான் அவன் நடந்திருக்கிறான்.

அடுத்தது பூட்டு. தொடக்கூடாத பொருளைத் தொடும் உயரத்தில் வைத்துவிட்டு குழந்தையைக் குறை சொல்வதில் பொருளில்லை. பிரிக்கக்கூடாதவை கண்ணாடிக் கதவுக்குள், பூட்டிய பூட்டோடு. கீழ்த்தட்டில் அவனுக்கென்று பத்துப் பதினைந்து ஃபிகர்கள், உடைந்தாலும் கேட்கமாட்டேன் என்ற வாக்கோடு. அந்த லூக் இனி அவனுடையது, அதைத் திரும்ப வாங்கிப் பசை போட்டு அட்டையில் ஒட்டும் வேலை வேண்டாம். கொடுக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள்: சின்னக் காந்தம் வைத்த கை, ஆயுதம் உள்ளவற்றைக் குழந்தை கையில் தரவே கூடாது, ஒன்றுக்கு மேல் விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும். 1970, 80-களின் பழைய பிளாஸ்டிக்கும் பெயின்ட்டும் காட்மியம், ஈயம் கலந்தவையாக இருக்கலாம், அவையும் உங்கள் தட்டிலேயே இருக்கட்டும். ஃபிகரின் மூட்டை எப்படி மெதுவாகத் திருப்புவது, இறுகியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் வைத்துத் தளர்த்துவது இதையெல்லாம் அவனுக்குக் காட்டிக்கொடுங்கள். அவன் மறுபடி அந்த அறைக்குள் வருவதற்கு வற்புறுத்துவதைவிட இது வேலை செய்யும்.

எல்லாவற்றையும் விற்பதா?

இப்போது வேண்டாம். கோபத்தில் விற்றவர்கள் பிறகு அந்தக் கோபத்தை விற்கச் சொன்னவர்மேல் வைத்துக்கொண்டு இருப்பதை என் ஆலோசனை அறையில் நிறையப் பார்த்திருக்கிறேன். நாளைக்கு ஒரு பிறந்தநாள் சண்டையில் "உங்களுக்காகத்தானே எல்லாத்தையும் வித்தேன்" என்று வரும், அதை உங்கள் பையனும் கேட்பான். தவிர, மொத்தமாக எடுத்துக்கொள்பவர் உங்கள் அவசரத்தைப் பார்த்து மிகக் குறைந்த விலையைத்தான் சொல்வார், அவர் பிரித்து விற்க வேண்டும் அல்லவா.

குறைப்பது வேறு. எக்செல்லில் ஒரு புதிய பத்தியைத் திறந்து ஒவ்வொன்றின் எதிரிலும் ஏன் வாங்கினேன் என்று எழுதுங்கள். தள்ளுபடியில் கிடைத்தது, செட்டை முடிக்க வேண்டியிருந்தது, விலை ஏறும் என்று நினைத்தேன் என்று எழுதும்படி ஆனவை முதலில் போகலாம். வருடக்கணக்கில் ஆசைப்பட்டு வாங்கியவை இருக்கட்டும். ஒவ்வொன்றாக, நிதானமாக விற்றால் விலை நன்றாக வரும். துணைப்பொருட்கள் முழுதாக இருக்கிறதா என்று சரிபாருங்கள், கையளவு ஃபிகரைவிட அதன் விரல்நுனி அளவுத் துப்பாக்கிதான் சில நேரம் விலையைத் தீர்மானிக்கும். வெளியே வாங்கிச் சேர்த்த போலித் துணைப்பொருளென்றால் அதைச் சொல்லிவிட்டு விற்க வேண்டும். ஸ்டார் வார்ஸின் முதல் வருடத்து ஜாவா பாத்திர ஃபிகரின் வினைல் மேலங்கி அபூர்வம் என்று ஆனதும் எத்தனை போலி மேலங்கிகள் வந்தன என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும், ஏமாந்து வாங்கியவர் திரும்பி வந்தால் பணம் மட்டுமல்ல, சேகரிப்பாளர்கள் மத்தியில் உங்கள் பெயரும் போகும். வரும் பணம் முதலில் கடன் அட்டைப் பாக்கிக்கு.

நேரில் யாரையாவது பார்க்க வேண்டுமா என்றால், இரண்டு மூன்று மாதம் இதை முயன்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மறுபடி மறைத்து ஆர்டர் போடுகிறீர்கள், பொட்டலத்தை வீட்டுக்கு வரவிடாமல் அலுவலக முகவரிக்குத் திருப்புகிறீர்கள், ஒரு அட்டையின் பாக்கியை இன்னொரு அட்டையால் கட்டுகிறீர்கள் என்றால் தள்ளிப்போடாமல் ஒரு மனநல ஆலோசகரிடம் போங்கள், முடிந்தால் மனைவியோடு. அங்கே ஃபிகர்களைத் தூக்கிப் போடச் சொல்வார்கள் என்று பயப்பட வேண்டாம், வாங்கத் தூண்டுவது எது என்றுதான் பேசுவார்கள்.

பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள், வரிசையில் ஓர் இடம் காலியாகிவிட்டதே, அதே லூக்கை இன்னொன்று வாங்கி வைக்கலாமா என்று. வேண்டாம். அந்த வரிசை எங்கும் ஓடிவிடாது, அடுத்த வருடமும் கிடைக்கும். நான்கு பிரீ-ஆர்டர்களில் ஒன்றின் மீதி அடுத்த மாதம் முதல் வாரம் என்று எழுதியிருக்கிறீர்கள், ரத்து செய்வதற்கான கெடு அதற்கு முன்பே முடிந்துவிடலாம், இன்றைக்கே தேதியைப் பாருங்கள்.